எங்கள் ஒழுங்கையின் கூடு

எங்கள் வீட்டில் யாராவது "கூடு திறந்து கிடக்கு!" என்று சத்தம் போட்டால் மூன்று பேர் மூன்று பக்கம் ஓடுவோம். என் மனைவி சமைக்கும் குசினிக்குப் பின்னால் இருக்கும் கோழிக்கூட்டுக்கு ஓடுவாள். மகள் விறாந்தையில் தொங்கும் கிளிக்கூட்டுக்கு ஓடுவாள். நான் வேலியோரம் அடுக்கி வைத்திருக்கும் மீன் கூடுகளைப் பார்க்க ஓடுவேன். எந்தக் கூடு என்று சத்தம் போட்டவர் விளக்கம் சொல்வதற்குள் மூன்று பேரும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவோம். இதனால் எங்களுக்கு நட்டம் ஒன்றும் வந்ததில்லை. எல்லாக் கதவும் ஒருமுறை இழுத்துச் சாத்தப்படும், அவ்வளவுதான்.

பிள்ளைகளே, ஒரு சொல் எப்படி இத்தனை சாமான்களுக்குப் பெயராகிப் போகிறது என்று மகள் ஒருநாள் என்னைக் கேட்டாள். நான் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். இப்படியான கேள்விகளுக்குப் புத்தகம் பார்த்துப் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. ஆனால் அவள் அதைக் கேட்ட கிழமையில், ஒரு கூட்டை வைத்துக்கொண்டு எங்கள் ஒழுங்கை, இந்தச் சின்னத் தெரு முழுவதும் பட்ட பாடு நன்றாக நினைவிருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

முதலில் என் தொழிலைச் சொல்ல வேண்டும். திருகோணமலையில், உள் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஒழுங்கை இருக்கிறது. நான் கூடு வைத்து மீன் பிடிக்கிறவன். மீன் கூடு என்பது தடிகளால் சட்டம் கட்டி, சுற்றிவரக் கம்பிவலை போர்த்திய ஒரு பெரிய பெட்டி மாதிரி. அதற்கு ஒரு பக்கத்தில் வாய் வைப்போம். வெளியே அகலமாகத் தொடங்கி, உள்ளே போகப் போக ஒடுங்கும் வாய். மீன் சுகமாக உள்ளே போகும். திரும்பி வர வழி தெரியாமல் சுற்றிச் சுற்றி நிற்கும். மீனை எடுப்பதற்குப் பின்பக்கத்தில் ஒரு சின்னக் கதவு. கடலடியில் கல்லுக்குப் பக்கத்தில் இருத்திவிட்டு வந்தால், தண்ணீர் எவ்வளவு இழுத்தாலும் அது அசையக் கூடாது. ஆகவே தடி நல்ல பருமனாக, மொத்தமாக இருக்க வேண்டும், கட்டு இறுக்கமாக இருக்க வேண்டும். விடியப் போய்க் கூடு தூக்குவேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு முற்றத்தில் இருந்து பழுதான கூடுகளைத் திருத்துவேன், புதுக்கூடு கட்டுவேன். என் கைகளுக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

இனி வெசாக் கதைக்கு வருகிறேன். வைகாசிப் பூரணைக்கு வரும் புத்தரின் வெசாக் பெருநாளில் எங்கள் சந்தியில் ஓட்டோக்காரர்கள் சேர்ந்து வெசாக் கூடு, அதாவது சட்டம் கட்டித் தாள் ஒட்டி உள்ளே விளக்கு வைக்கும் கூடு, தொங்கவிடுவார்கள். ரோட்டுக்குக் குறுக்கே ஒரு நீளக் கம்பி இழுத்து, ஒழுங்கைக்கு ஒன்றாகக் கூடுகளைக் கட்டி, பின்னேரம் எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் வெளிச்சம் போடுவார்கள். உயரத்தில்தான் கட்டுவார்கள். பதிந்து தொங்கினால் எங்கள் பட்டணத்துத் தெருக்களில் திரியும் மான்கள் வந்து கடதாசி வாலைத் தின்றுவிடும். சுற்றியுள்ள ஒழுங்கைகள் எல்லாம் வருசா வருசம் ஒவ்வொன்று கொடுக்கும். எங்கள் ஒழுங்கை மட்டும் கொடுத்ததில்லை. ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. ஒருவரும் கட்டினதில்லை, அவ்வளவுதான். நாங்கள் குளித்து, நல்ல உடுப்புப் போட்டு, பார்க்கப் போவோம். தன்சலில், அன்று எல்லாருக்கும் காசில்லாமல் சாப்பாடு கொடுக்கும் பந்தலில், வரிசையில் நின்று, தருகிறதைச் சாப்பிட்டுவிட்டு வருவோம்.

அந்த வருசம், பூரணைக்கு முந்திய கிழமை, மகளைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றிவரும் ஓட்டோத் தம்பி எங்கள் வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அவர் சிங்களவர். எங்கள் பக்கத்திலேயே பிறந்து வளர்ந்தவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். சந்திக் கூடுகளுக்குப் பொறுப்பும் அவர்தான். சிங்களத்தில் நான் அவரை மல்லி, தம்பி என்றும், அவர் என் மகளை நங்கி, தங்கச்சி என்றும் கூப்பிடுவோம்.

"அண்ணே, கம்பியில கடைசி இடம் உங்கட ஒழுங்கைக்கு வச்சிருக்கிறன்."

"என்ன இடம், மல்லி?"

"வெசாக் கூட்டுக்கு. மகள் சொல்லிட்டாள்தானே, அப்பா கட்டித் தருவார் எண்டு."

நான் மகளைப் பார்த்தேன். அவள் தன் சப்பாத்தைப் பார்த்தாள்.

"நீ என்னட்டக் கேட்டனியோ?"

"நீங்கள் கடலுக்குப் போயிருந்தீங்கள், அப்பா."

நடந்தது இதுதான். ஓட்டோவுக்குள் பிள்ளைகள் தங்கள் தங்கள் ஒழுங்கைக் கூட்டைப் பற்றிப் புளுகிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடுத்த ஒழுங்கைப் பெடியன் ஒருவன், "நீங்கள் எல்லாம் வாயைப் பிளந்து பார்க்கத்தானே வாறனீங்கள்" என்று இவளிடம் சொல்லியிருக்கிறான். அந்தக் கோபத்தில், "இந்த முறை எங்கட ஒழுங்கையும் போடும். வெளிச்சம் போடேக்க எங்கட கூடும் இருக்கும். இல்லாட்டி நான் இந்த ஓட்டோவில ஏறமாட்டன்" என்று எல்லாருக்கும் முன்னால் சொல்லிவிட்டாள்.

"அப்ப பள்ளிக்கூடத்துக்கு எப்பிடிப் போவாய்?" என்று கேட்டேன்.

"நடந்து."

பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று எனக்குத் தெரியும். என் மகளின் பிடிவாதமும் தெரியும். அவள் நடப்பாள்.

ஓட்டோத் தம்பி சிரித்தார். "மீன் கூடு கட்டுற கைக்கு இது என்ன வேலை அண்ணே? மூங்கிலைக் கீறினா, கட்டினா, தாள் ஒட்டினா முடிஞ்சுது."

குசினி வாசலில் நின்ற மனைவி விடவில்லை. "நல்லாத்தான் கட்டுவார். நத்தாருக்கு வருசா வருசம் பாலன் கூடு கட்டுறார். வருசா வருசம் கூரை சரிஞ்சு மாதாவின்ர தலையில விழுகுது."

கிறிஸ்மசுக்குப் பாலன் இயேசுவை வைக்கிற சின்னத் தொழுவத்தைத்தான் சொன்னாள். அது உண்மை. ஆனால் அந்த இடத்தில் சொல்லியிருக்கத் தேவையில்லை.

அடுத்த நாள் பின்னேரம் முற்றத்தில் வேலை தொடங்கினேன். மகள் பக்கத்தில் குந்தியிருந்து கயிறு வெட்டித் தந்தாள். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தையற்கார நானாவின் வீடு. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் சொல்வோம். அவர் விறாந்தையில் மெசினைப் போட்டுத் தைத்துக்கொண்டிருப்பார். வேலி பதிவானது, நெஞ்சளவுதான். அவர் கால் மெசினை மிதித்துக்கொண்டிருக்கும், வாய் எங்களோடு கதைத்துக்கொண்டிருக்கும்.

அப்போதுதான் மகள் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"அப்பா, ஏன் எல்லாத்துக்கும் கூடு எண்டே பேர் வச்சிருக்கு? குருவிக்கும் கூடு, கோழிக்கும் கூடு, மீனுக்கும் கூடு. வெசாக்குக்கும் கூடு, பாலன் இயேசுவுக்கும் கூடு. வேற சொல்லே கிடைக்கேல்லையோ?"

நான் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டேன். "உள்ளுக்கு ஏதாவது உயிர் இருந்தால் கூடு எண்டு சொல்லியிருப்பினம்."

"வெசாக் கூட்டுக்குள்ள என்ன உயிர்?"

"வெளிச்சம் இருக்குத்தானே. அதுவும் அசையும், காத்தடிச்சா நடுங்கும், அணைஞ்சும் போகும். பார்க்க உயிர் மாதிரித்தான்."

இந்தப் பதில் எனக்கே பிடித்திருந்தது. அவளுக்கும் பிடித்தது போலத்தான் இருந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் திரும்பவும் தொடங்கினாள்.

"அப்ப எலும்புக்கூடு? விஞ்ஞானப் பாடத்தில படம் கீறினனாங்கள். அதுக்குள்ள ஒண்டும் இல்லையே."

வேலிக்கு அந்தப் பக்கம் மெசின் சத்தம் நின்றது. "அதுக்குள்ள நாங்கள்தான் இருக்கிற, மகள்," என்றார் நானா. "இந்தா, என்னைப் பாருங்க. எலும்புக்கூட்டுக்குள்ள இருந்துகொண்டுதான் உங்கட பாவாடைக்கு லேஸ் தைக்கிறன்."

மகள் நானாவை ஏற இறங்கப் பார்த்தாள். அவர் மெலிந்த மனிதர். அவள் நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

"சரி மாமா, உங்கட மூக்குக் கண்ணாடி வைக்கிறதையும் கூடு எண்டுதானே சொல்றீங்கள். அதுக்குள்ள என்ன உயிர்?"

நானா மேசையில் இருந்த கண்ணாடிக் கூட்டைத் திறந்து பார்த்தார். அது வெறுமையாக இருந்தது. கண்ணாடி அவருடைய மூக்கில் இருந்தது. "தம்பி, இதுக்கு நீங்கதான் பதில் சொல்லணும்" என்று என் பக்கம் தள்ளிவிட்டார்.

நான் தடியைக் கட்டிக்கொண்டே யோசித்தேன். "ஓட்டையாக, உள்ளுக்கு வெறுமையாக இருக்கிற சாமான் எல்லாம் கூடு" என்றேன். "பெட்டியும் உள்ளுக்கு வெறுமைதான், அதை ஏன் கூடு எண்டு சொல்றதில்லை?" என்று நானா மடக்கினார். "பெட்டியில சாமான் வைக்கிறம். கூட்டில ஆரோ வந்து இருக்கினம்" என்றேன். "அப்ப கண்ணாடி?" என்றாள் மகள். "கண்ணாடி வந்து படுக்குது" என்றேன். மூன்று பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரித்தபிறகும் எனக்கு அந்தப் பதிலில் ஏதோ கொஞ்சம் சரி இருப்பது போலத்தான் பட்டது. முதலில் யாரோ ஒருவர் குருவி கட்டினதைப் பார்த்துக் கூடு என்று சொல்லியிருப்பார். பிறகு இன்னொருவர் குச்சிகளைச் சேர்த்துக் கோழிக்கு ஒன்று கட்டும்போது, புதுச் சொல் தேடி அலையாமல், கைக்குப் பக்கத்தில் கிடந்த அந்தச் சொல்லையே எடுத்திருப்பார். வீட்டில் புதுப் போத்தல் வாங்காமல் பழைய போத்தலில் நல்லெண்ணெய் ஊற்றி வைப்பது போல. அப்படியே கை மாறிக் கை மாறி, மீனுக்கு வந்து, மாதா கோயிலுக்கு வந்து, கடைசியில் நானாவின் மூக்குக் கண்ணாடி வரைக்கும் வந்து சேர்ந்திருக்கும்.

அன்று மகளை இறக்கிவிட்ட ஓட்டோத் தம்பி வேலை எப்படிப் போகிறது என்று பார்க்கத் திரும்பவும் வந்தார். மகள் அவரையும் விடவில்லை.

"எங்கட பாசையிலயும் அதே கதைதான் நங்கி," என்றார் அவர். "கூடுவ எண்டு சொல்லுவம். குருவிக்கும் கூடுவ, வெசாக்குக்கும் கூடுவ."

"அப்ப ஆர் ஆரிட்ட இருந்து எடுத்தது?"

"அது எனக்குத் தெரியாது. ஆனா திருப்பிக் குடுக்கச் சொல்லி இதுவரைக்கும் ஒருத்தரும் வரேல்ல."

இப்படிப் பின்னேரம் பின்னேரமாகக் கதைத்துக் கதைத்து, சிரித்துச் சிரித்து, பூரணைக்கு முதல் நாள்தான் சட்டத்தைக் கட்டி முடித்தேன். கதைக்கும்போது கை தன்பாட்டில் வேலை செய்யும். எனக்கு அது பெரிய வசதி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். எட்டுப் பட்டை வைத்து, நல்ல உயரமாக, ஒரு சின்னப் பிள்ளை உள்ளே நிற்கக்கூடிய அளவில் கட்டி, முற்றத்து நடுவில் நிமிர்த்தி வைத்தேன். தூர நின்று பார்த்தபோது நன்றாகத்தான் இருந்தது.

நானா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"தம்பி, கோபிக்காதீங்க. வெசாக் கூட்டில மீன் பிடிக்கப் போறீங்களா?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். ஒரு பட்டையின் கீழ்ப்பக்கத்தில், வெளியே அகலமாகத் தொடங்கி உள்ளே ஒடுங்கிப் போகும் வாய் ஒன்றை வைத்திருந்தேன். அழகான வாய். என் கை இத்தனை வருசமாக வைத்துப் பழகிய அதே வாய். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். அங்கே ஒரு சின்னக் கதவும் இருந்தது.

அன்றும் பார்க்க வந்திருந்த ஓட்டோத் தம்பி சிரித்த சிரிப்பில் மதிலைப் பிடித்துக்கொண்டார். மனைவி வந்து சுற்றிப் பார்த்தாள். "வாசல் வச்சிருக்கிறீங்கள், கதவு வச்சிருக்கிறீங்கள். ஒரு அலுமாரியும் ரெண்டு கதிரையும் போட்டால் நாங்களே குடிபோகலாம்."

நானும் சிரித்தேன். மகள் மட்டும் சிரிக்கவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பெடியன் இதைப் பார்த்தால் என்ன சொல்வான் என்றுதான் அவள் நினைத்திருப்பாள்.

"வாயை வெட்டி எடுங்கோ, அப்பா."

வெட்ட ஏலாது. மீன் கூட்டில் மற்றத் தடிகள் எல்லாம் அந்த வாயில்தான் வந்து முட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கும். வாயை எடுத்தால் ஒரு பக்கம் அப்படியே சரிந்து விழுந்துவிடும். புதிதாகக் கட்டவும் மூங்கில் இல்லை, நாளும் இல்லை. பூரணை அடுத்த நாள். இதை அவளுக்கு விளக்கமாகச் சொன்னேன். வாயை வெளிப்பக்கத்தால் கடதாசி ஒட்டி மறைக்கலாம் என்றும், கதவு பல்ப் பூட்டுவதற்கு உதவும் என்றும் சொன்னேன். அவள் மூக்கை உறிஞ்சிவிட்டு, பசை காய்ச்சப் போனாள். கோதுமை மாவில் பசை காய்ச்சி, வெள்ளையும் நீலமுமாக மெல்லிய தாள் வாங்கி வைத்திருந்ததை ஒவ்வொரு பட்டையாக ஒட்டினோம். வாயை மூடும் நேரம் தாள் முடிந்துவிட்டது. காலையில் ஒரு தாள் வாங்கி ஒட்டலாம் என்று, காயட்டும் என்று முற்றத்திலேயே விட்டுவிட்டுப் படுத்தோம்.

காலையில் நான் கடலால் வரும்போது ஒழுங்கை முனையிலேயே மனைவியின் சத்தம் கேட்டது.

"இஞ்சேருங்கோ, ஓடி வாங்கோ! கூட்டுக்குள்ள கோழி!"

கோழிக்கூட்டுக்குள் கோழி இருப்பதற்கு ஏன் இவ்வளவு சத்தம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். வந்து பார்த்தால் வெசாக் கூட்டுக்குள் கோழி. எங்கள் சிவப்புப் பேடு. விடியக் காலையில் முட்டையிட ஒதுக்கான இடம் தேடி, வாயால் வசதியாக உள்ளே போயிருக்கிறது. முட்டையும் இட்டுவிட்டது. திரும்பி வர வழி தெரியவில்லை. என் கூட்டுக்குள் போன எதற்கும் இதுவரை தெரிந்ததில்லை. அது பயந்துபோய் எட்டுப் பட்டையிலும் பாய்ந்து பாய்ந்து, காலால் கிழித்து, மெல்லிய தாள் எல்லாம் தோரணம் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது.

பின்கதவைத் திறந்து கோழியை எடுத்தேன். மனைவி முட்டையை எடுத்தாள். மகள் சட்டத்தின் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

"பின்னேரம் வெளிச்சம் போடுவினம், அப்பா" என்று மட்டும் சொன்னாள்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனேன். பூரணையன்று தாள் எங்கே கிடைக்கும்? எல்லாரும் முதல் நாளே வாங்கி முடித்துவிட்டார்கள். ஒரு கடையில் கடும் மண்ணிறத்தில் கொப்பி உறை போடுகிற தாள் மட்டும் இருந்தது. அதை ஒட்டினால் வெளிச்சம் வெளியே வராது. வெறுங்கையோடு திரும்பி வந்தேன்.

வந்தபோது முற்றத்தில் கூட்டம். நானா வேலியைத் தாண்டி எங்கள் பக்கம் வந்து நின்றார். கழுத்தில் அளவு நாடா. ஒரு கையில் பெரிய பை. மகள் பென்சிலோடு பக்கத்தில்.

"இடுப்பளவு எழுதுங்க, மகள்," என்று சொல்லிக்கொண்டே நாடாவைக் கூட்டைச் சுற்றிப் பிடித்தார். "ஆள் கொஞ்சம் பெருத்த ஆள்தான். தோள் அகலம் கூட. பரவாயில்லை, எத்தனை மணப்பொம்பிளையளுக்குத் தைச்சனான்."

பைக்குள் வெட்டித் துண்டுகள் இருந்தன. பிளவுஸ் தைத்து மிஞ்சின மெல்லிய துணிகள், சாறி ஓரங்கள், பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்குத் தைத்த மஞ்சள் துண்டு, யாருடையதோ கலியாணச் சட்டையின் ரோசாப்பூ நிறம். போதவில்லை. நானாவின் மனைவி தான் தலைக்குப் போடும் பழைய வெள்ளை ஓடினி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். முன்வீட்டு அக்கா ஒரு சாறியையே தந்துவிட்டு, "கிழிஞ்சதுதான், யோசிக்காமல் வெட்டுங்கோ" என்றாள். செய்தி பரவி ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு துண்டு வந்தது. ஒரு வீட்டில் யன்னல் சீலையைக் கழற்றித் தந்துவிட்டு, வெயில் அடிக்கிறது என்று யன்னல் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார்கள்.

நானா மெசினில் தைத்துத் தைத்துப் போட, மனைவியும் முன்வீட்டு அக்காவும் சட்டத்தோடு சேர்த்து ஊசியால் பிடித்தார்கள். நான் தடிகளை இறுக்கினேன். வாயை மூடுவதற்கு மஞ்சள் துண்டு சரியாக வந்தது. "இனி இதுக்குள்ள கோழியும் ஏறாது, இதை மானும் தின்னாது" என்றார் நானா. மகளுக்கு முகம் கொஞ்சம் விரிந்தது. நல்ல உடுப்புப் போட்டுக்கொண்டு வந்து, வெசாக் கூட்டுக்கும் தனக்கும் ஒரே அளவு உயரமா என்று பக்கத்தில் நின்று பார்த்தாள்.

பொழுது சாயும் நேரம் நானும் நானாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு சந்திக்குப் போனோம். ஒழுங்கையே பின்னால் வந்தது. தூக்கும்போதே எனக்குள் ஒரு சந்தேகம். கடலடியில் அசையாமல் இருக்க வேண்டும் என்று மொத்தத் தடி போட்டுக் கட்டியது. அதற்கு மேல் ஒழுங்கையின் துணி முழுவதும். நான் நானாவைப் பார்த்தேன். நானா மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் கையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.

சந்தியில் கம்பி நிறையக் கூடுகள். தாமரைப் பூ மாதிரி ஒன்று, நட்சத்திரம் மாதிரி ஒன்று, சுற்றுகிற மாதிரி ஒன்று. கடைசியில் எங்களுக்கான வெற்றிடம். ஓட்டோத் தம்பி ஏணியில் ஏறி, கயிற்றைப் போட்டு இழுத்துக் கட்டினார். கையை விட்டார்.

கம்பி அப்படியே பள்ளமாக இறங்கியது. தாமரையும் நட்சத்திரமும் மற்றதுகளும் வழுக்கி வழுக்கி எங்கள் கூட்டை நோக்கி வரத் தொடங்கின. கம்பம் ஒன்று கிரீச் என்று சத்தம் போட்டது.

"பிடியுங்கோ, பிடியுங்கோ!" நாலைந்து பேர் ஓடிவந்து எங்கள் கூட்டைத் தாங்கினார்கள்.

தம்பி ஏணியால் இறங்கினார். அவருக்கும் சொல்ல விருப்பமில்லை. "அண்ணே, இது தொங்காது. கம்பி அறுந்தா மத்தப் பிள்ளையளின்ர கூடெல்லாம் போயிடும்."

கூட்டை அவிழ்த்து ரோட்டோரம் வைத்தோம். அந்தப் பெடியன் தன் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு அங்கேதான் நின்றான். "நான் சொன்னனான்தானே" என்றான். தாய் அவனுடைய தலையில் ஒரு குட்டுப் போட்டாள். ஆனால் அவன் சொல்லியாகிவிட்டது.

அவசரமாக வழி தேடினோம். தடிகள் இரண்டைக் கழற்றலாமா என்று நான் கேட்டேன். கழற்றினால் சரிந்துவிடும் என்று நானே பதிலும் சொன்னேன். துணியைக் கழற்றலாமா என்று முன்வீட்டு அக்கா கேட்டாள். கழற்றினால் பிறகு அங்கே என்ன இருக்கும், வெறும் மீன் கூடு. சுவிச்சைப் போடுவதற்கு ஒருவர் கடை வாசலில் தயாராக நின்றார். "ஐஞ்சு நிமிசம் பொறு மல்லி" என்று தம்பி அவருக்குக் கை காட்டிவிட்டு, தலையைச் சொறிந்துகொண்டு தன் ஓட்டோவில் சாய்ந்தார்.

மகள் கூட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்கள் கடலில கூட்டைத் தொங்க விடுறதில்லைத்தானே?"

"இல்லை. அடியில இருத்துறது."

"அப்ப இதையும் இருத்துவம்."

"எங்க இருத்துறது? ரோட்டிலயா?"

அவள் கையை நீட்டினாள். ஓட்டோத் தம்பி தன் முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தார். அவள் காட்டியது அவருடைய வண்டியின் கூரையை.

"என்ட வண்டியிலயா நங்கி?"

"பல்புக்குப் பற்றரியில இருந்து வயர் இழுக்கலாம்தானே, அங்கிள். ஓட்டோவுக்குள்ள லைற் எரியுதுதானே."

தம்பி மற்ற ஓட்டோக்காரர்களைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னார். அவர்கள் ஓவென்று சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். ஒருவர் வயரைப் பிடித்தார். ஒருவர் பழைய ரயர் ஒன்றைக் கொண்டுவந்து கூரையில் போட்டார். நானும் நானாவும் திரும்பவும் மூச்சைப் பிடித்துத் தூக்கிக் கூட்டை அதன் மேல் இருத்தினோம். இனி என் வேலை. நீரோட்டத்தில் அசையாமல் கட்டுகிற கட்டு எனக்குத் தெரியும். நாலு பக்கமும் கயிற்றை இறக்கி, வண்டியின் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். தம்பி பிடித்து ஆட்டிப் பார்த்தார். கூடு அசையவில்லை, வண்டிதான் ஆடியது.

கூட்டின் பின்கதவால் கையை விட்டுத் தம்பி பல்பைப் பூட்டினார். சந்தியில் சுவிச்சைப் போட்டார்கள். மேலே கம்பியில் எல்லாக் கூட்டிலும் வெளிச்சம் பற்றியபோது, கீழே எங்களுடையதிலும் பற்றியது. மஞ்சள், ரோசா, பச்சை, யன்னல் சீலைப் பூக்கள் எல்லாம் வெளிச்சத்தில் வந்தன. முன்வீட்டு அக்கா, "அது என்ர சாறி, அது என்ர சாறி" என்று எல்லாருக்கும் காட்டிக்கொண்டு நின்றாள். கிழிந்த இடமும் வடிவாகத்தான் தெரிந்தது.

தம்பி வண்டியை எடுத்தார். மகள் பின்னால் ஏறினாள். ஒழுங்கைப் பிள்ளைகள் இடித்துப் பிடித்து ஏறினார்கள். அந்தப் பெடியன் தாயின் கையை விட்டுவிட்டு வண்டிக்குப் பக்கத்தில் வந்து நின்றான்.

"இடம் இருக்கோ?"

மகள் அவனைக் கொஞ்ச நேரம் காக்க வைத்தாள். "வாயைப் பிளக்காமல் இருந்தால் ஏறு" என்று சொல்லிவிட்டுத் தள்ளி இருந்தாள்.

எனக்கு இடம் இருக்கவில்லை. நான் சைக்கிளில் பின்னால் போனேன். ஓட்டோ சந்தியைச் சுற்றி, ஒழுங்கை ஒழுங்கையாகப் புகுந்து, துறைமுக ரோட்டில் ஏறி மெல்ல மெல்லப் போனது. நடக்க ஏலாமல் வீட்டுக்குள் இருந்தவர்களும் வாசல் படலைக்கு வந்து பார்த்தார்கள். தன்சல் பந்தலுக்கு முன்னால் சனம் கூடி வண்டி நின்றுவிட்டது. வரிசையில் நின்ற ஒரு சின்னப் பிள்ளை தாயின் சட்டையை இழுத்து, "அம்மா, அங்க பாருங்கோ, கூடு ஓட்டோவில போகுது!" என்று கத்தியது.

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. என் மகள் ஓட்டோவுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, ஒரு கையால் என் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையை ஆட்டினாள்.

"அது எங்கட ஒழுங்கை!" என்றாள்.